எந்தப் பக்கம் சுடுவது?

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. மாமனார் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியது. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். நான் பனியன் டவுனுக்குள், ராயபுரத்தில், கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையல் தெரிகிற சந்தில் வளர்ந்தவள். முதலிபாளையத்துக்கு அந்தாண்டை, தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது, அந்த இரும்பைப் பார்த்துச் சரியாகத் தூங்கவில்லை. அவர் அதைத் தினமும் துடைக்கிற அழகைப் பார்த்த பிறகு பயம் போய் எரிச்சல் வந்தது. நான் கட்டுகிற புடவையை அவர் ஒரு நாளும் அப்படிக் கவனித்ததில்லை. துடைக்கிற துணிக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. வெளிநாட்டுக்குப் போகிற பனியனில் வெட்டி விழுந்த வேஸ்ட் துண்டுகளால்தான் அதற்கு உபசாரம் நடந்தது.

மாமனார் அதை வைத்து ஒரு முயல் சுட்டார் என்பது குடும்பப் பெருமை. நான் வந்த புதிதில் அது சாதாரண முயலாகத்தான் இருந்தது. பங்காளிகள் விருந்துக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எதையும் சுட்டதில்லை. சுடவும் முடியாது. லைசென்ஸ் பயிரைக் காப்பாற்றக் கொடுத்தது. அந்தப் பயிரைத் தின்கிறவர்களைக் காப்பாற்ற வேறு சட்டம் இருந்தது. காட்டுப்பன்றியை நாம் தொடக் கூடாது, வனத்துறைதான் பார்த்துக்கொள்ளும். மயில் தேசியப் பறவை. முயலைத் தொட்டால் ஜெயில். மிச்சம் இருந்தது ஆகாயம் ஒன்றுதான். அதனால் அவர் ஆகாயத்தைச் சுட்டார். சத்தம் கேட்டுப் பன்றி ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தச் சத்தமும் வருஷம் பூராவும் கிடைக்காது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு ஒரு முறை, சட்டமன்றத்துக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்கு ஒரு முறை என்று அது தாய்வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. தேர்தல் நடத்தை விதிகள் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரமும் ஓட்டுக் கேட்டு வருகிற நேரமும் எப்படியோ சேர்ந்தே வரும். இரண்டு கூட்டமும் எங்கள் தோட்டத்தை மிதித்துவிட்டுத்தான் போயின.

இதற்கிடையில் தோட்டம் சுருங்கியது. தானாகச் சுருங்கவில்லை. வடக்கே ஒரு காம்பேக்டிங் யூனிட்டுக்கு விற்றோம். துணி சுருங்காமல் பார்த்துக்கொள்கிற யூனிட் அது. கிழக்கே பள்ளிக்கூட பஸ் நிறுத்த ஒருவர் வாங்கினார். தெற்கே சைட் பிரித்து விற்றதில் வீடுகள் வந்தன. மேற்கே நாங்களே தகரக் கூரை போட்டு வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது: மகள் கல்யாணம், கிணறு வற்றியது, களை வெட்ட ஆள் கிடைக்காதது. கடைசியில் நடுவில் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் மட்டும் நின்றது. அதற்கும் நடுவில் துப்பாக்கியோடு என் வீட்டுக்காரர் நின்றார்.

பன்றிகள் யூனிட்டுக்கும் லைன் வீட்டுக்கும் இடையில், தோட்டத்தைத் தொட்டுப் போகிற ஓடைக்கரை முள்ளுப் புதரில் குடியிருந்தன. உடுமலைப்பேட்டைப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து தோப்பு தோப்பாகத் தாண்டி வந்தவை என்பார் அவர், கூடவே நடந்து வந்தவர் மாதிரி. அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். பேச்சின் முடிவு மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

"துப்பாக்கி போச்சுன்னா வெள்ளாமையும் போச்சு புள்ள. அப்பறம் இதையும் வித்துப்போட்டு ஊட்டுக்குள்ள உக்காந்துக்க வேண்டியதுதான்."

துப்பாக்கி மேல் எனக்கு மண்ணாங்கட்டி மரியாதையும் கிடையாது. ஆனால் அந்தச் சோளத்தின் மேல் ஆசை இருந்தது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பச்சையாகத் தெரிகிறது அது ஒன்றுதான். மற்ற பக்கமெல்லாம் சுவரும் தகரக் கூரையும்தான். அதையும் விற்றுவிட்டால் நான் ராயபுரத்துச் சந்திலேயே இருந்திருக்கலாம்.

சுற்றிலும் ஆட்கள் வந்த பிறகு அவர் சொல்லாமல் சுட்டதில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. யூனிட் வாட்ச்மேனுக்கும் பஸ் டிரைவருக்கும் போன் போடுவார், லைன் வீட்டுக்கு நேரில் போய் நிற்பார். "ஏனுங்க, சித்தெ நேரத்துல மேல பாத்து ஒரு வெடி போடலாமுன்னு இருக்கறனுங்க. தப்பா நெனைக்காம உள்ளார இருந்துக்கோணுமுங்க." கேட்டதும் உள்ளே இருந்தவர்களும் வெளியே வந்துவிடுவார்கள். பொழுது சாய்கிற நேரம், ஷிப்டு மாறுகிற நேரம் வேறு. சுவர் மேல் வரிசையாகத் தலைகள் முளைக்கும், வடக்கத்திப் பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். வெடித்ததும் "ஏக் அவுர், சாச்சா" என்று சத்தம் வரும். இன்னொன்று போடுங்கள் என்று அர்த்தமாம். இவ்வளவு ஏற்பாடும் முடிவதற்குள் பன்றிகள் தின்று முடித்துப் போயிருக்கும்.

ஒரு நாள் லைன் வீட்டில் குடியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண் என்னிடம் வந்தாள். கைக்குழந்தைக்காரி, புருஷன் பனியன் கம்பெனியில் டெய்லர். சொளகு என்று அவள் சொல்கிற முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். கருப்பாக ஈயக் குண்டுகள், துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கிற ரவை.

"அக்கா, இது உங்க வீட்டுச் சாமானான்னு பாருங்க. கூரையில இருந்து உருண்டு அரிசியில விழுந்து கெடந்துச்சு."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் இரவல் வாங்கிய கரண்டியைத் திருப்பித் தருகிற மாதிரி கொடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயமும் வந்தது. இவரிடம் காட்டினேன். மேலே போனது கீழே வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு, அந்த நியாயத்தைத் தானே கேட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர், மோர் கொடுத்தால் குடித்தார். சோளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கமாகப் பார்த்துச் சுடுவீர்கள் என்று கேட்டார். இவர் வடக்கே கை நீட்டினார், யூனிட் தெரிந்தது. கிழக்கே திரும்பினார், பஸ் நின்றது. தெற்கே யாரோ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கே லைன் வீடு. நீட்டிய கையோடு ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்.

"இதெல்லாம் யாரு கட்டுனதுங்க?" என்றார் அதிகாரி.

"கட்டுனது அவுங்க, வித்தது நானுங்க. லைன் ஊடு மட்டும் நம்முளுதுங்க."

அதிகாரி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். நம் வீட்டில் குடியிருப்பவர்கள் நம்மை விட்டுக்கொடுப்பார்களா என்று இவரே தென்காசிப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள்.

"பன்னியால எங்களுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது சார். பன்னி வந்தா கதவ அடச்சுக்கிடுவோம். அண்ணாச்சி துப்பாக்கிய எடுத்தாத்தான் எதை அடைக்கன்னு தெரியல."

லைசென்ஸ் கிடைக்கவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார். அங்கிருந்தவர் பழக்கதோஷத்தில், இப்போது என்ன தேர்தல் என்று கேட்டாராம். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது. மறுநாள் வேஸ்ட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்க எதுவும் இல்லாமல் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

விஷயம் தெரிந்து வெள்ளைக் காரில் புரோக்கர் வந்துவிட்டார். சோளம் அறுத்து வெறுமனே கிடந்த நிலத்தை நடந்து பார்த்தார். இவர் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டு கூடவே போனார். விலை பேசுவதற்கு முன் புரோக்கர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பன்னி கின்னி வருதுங்களா? வாங்கற பார்ட்டி ஹாஸ்டல் கட்டறாங்க. பொண்ணுப்புள்ளைங்க தங்கற எடமுங்க."

காலமெல்லாம் ஊருக்கே பன்றிக் கதை சொன்ன மனுஷன் குச்சியைக் கீழே போட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நிலம் போய்விடும். அதைச் சொல்லத்தான் போகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் பன்றிக் கதையை இத்தனை வருஷம் கேலி செய்த நான் முந்திக்கொண்டேன்.

"கூட்டங் கூட்டமா வருமுங்க. அதுல தனிப்பன்னி ஒண்ணு இருக்குது. போன வாரம் ஒரு ஆளையே முட்டிச் சாச்சுப்போடுச்சுங்க."

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு புரோக்கரிடம் திரும்பி, பன்றியின் உயரத்தைக் கையால் காட்டினார். முதலில் முழங்காலில் இருந்த கை இடுப்புக்கு வந்தது, பேசப் பேச மார்புக்கு ஏறியது. மாமனாரின் முயலைப் போலவே அதுவும் வளர்ந்தது. புரோக்கர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனார்.

"யாரப் புள்ள முட்டுச்சு?" என்று கேட்டார்.

"உங்களத்தானுங்க" என்றேன்.

இப்போது எங்கள் தோட்டத்துக்குப் பயிர்ப் பாதுகாப்பு அந்தப் பன்றிகள்தான். அவற்றைத் தேர்தலுக்கு ஒப்படைக்கவும் வேண்டாம், துடைத்து வைக்கவும் வேண்டாம். அடுத்த விதைப்புப் பட்டத்தில் மறுபடியும் சோளம் விதைத்தபோது, ஓடைப் பக்கத்து ஓரத்தில் நாலு சால் கூடுதலாக ஓட்டி விதை போட்டார். நான் அதைக் காவல் கூலி என்று வரவு செலவு நோட்டில் எழுதிவைத்தேன்.