ஒரு கொத்து மணல்

எனக்கு எழுத்து வடிவாக வராது. ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். பிழைகள் இருக்கும். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லிப்போடுவேன். மாதங்கள் மாறிப்போகவும் கூடும். குறை நினைக்காதேங்கோ. ஆனால் இந்தக் கதையில் நான் மறந்தது கொஞ்சம்தான். முழுக்க மறந்திருந்தால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு.

நாங்கள் கலியாணம் முடித்து மூன்றாம் வருசம். அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு வளவில் நாலில் ஒரு பங்கு. அதை நம்பிச் சீவிக்க ஏலாது என்றுதான் உடையார்கட்டுப் பக்கம் குளத்துக்குக் கீழே அரசாங்கம் குடியேறக் கொடுத்த கொலனிக் காணி எடுத்து வந்தோம். வந்த முதல் காலபோகமே, அதுதான் மாரி மழை விதைப்பு, இவருக்குக் காய்ச்சல் பிடித்து, வயலில் பாதி விதைக்காமல் கிடந்தது. காணிக்கந்தோர் ஐயா வந்து பார்த்தார். கொப்பியில் என்னவோ எழுதினார்.

"தம்பி, வாற போகமும் இப்பிடிக் கிடந்தால் பெர்மிட்டை வெட்டச்சொல்லி எழுதுறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை. நீர்தான் செய்யவேணும். ஆளை விட்டுச் செய்யிற வேலை சரிவராது" என்றார்.

இவர் "ஓம் ஐயா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருசம் ஆனியில் பாலைப்பழம் ஆய என்று காட்டுக்குப் போன இடத்தில் இவர் மரத்தில் இருந்து விழுந்துவிட்டார். வலக்கை முழங்கைக்குக் கீழே முறிவு. பக்கத்துக் கிராமத்து முறிவு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, மருந்து பூசிக் கட்டினார். ஆடி முடியக் கட்டு அவிழ்த்தபோது அந்தக் கையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றக் கையில் பாதிதான் இருந்தது. தோல் வெளுத்து, முருங்கைக்காய் மாதிரி. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கி மேலெல்லாம் ஊத்துண்டது.

விதைப்புக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. உழவைப் பக்கத்துக் காணிக்காரர் தன்னுடைய மாட்டோடு வந்து செய்து தருவதாகவும், பதிலுக்கு நான் அவர்களின் வயலில் களை பிடுங்குவதாகவும் பேச்சு. ஆனால் வரம்பு கட்டுகிறது, மண்வெட்டி வேலை. அது ஆம்பிளையின் வேலை, காணிக்காரன் தானே செய்கிற வேலை. அதுக்குத்தான் இவருடைய கை வேண்டும்.

கையைத் திரும்பப் பலமாக்க மூன்று வழி எங்களிடம் வந்து சேர்ந்தது.

முறிவு வைத்தியர் சொன்னது, எண்ணெயில் தோய்த்த துணிப் பந்தை உள்ளங்கையில் வைத்துப் பிசை, மூன்று மாதத்துக்கு ஒரு பாரமும் தூக்காதே என்று. இவருடைய தமையனார் யாழ்ப்பாணத்தில் இருந்து கடிதம் போட்டார். இளந்தாரிக் காலத்தில் கரலாக்கட்டை சுழற்றின ஆள். "பந்து பிசையிறது குழந்தைப்பிள்ளை வேலை. விடிய எழும்பித் தண்டால் எடு, ஒரு மாதத்திலை கை இரும்பு" என்று எழுதியிருந்தார். மூன்றாவது, முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குப் போனபோது அங்கே ஒருவர் எழுதித் தந்த கடதாசி. இரண்டு றாத்தல் பாரத்தைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்ட வேணும், காலையில் பத்துத் தரம், பின்னேரம் பத்துத் தரம். கிழமைக்கு அரை றாத்தல் கூட்ட வேணும். கடைசி வரியில், "சிறிது நோவு இருக்கும். அதற்காக நிறுத்தக்கூடாது" என்று இருந்தது.

இவர் மூன்றையும் கேட்டுவிட்டு, "இஞ்சேரும், நீரே ஒண்டைச் சொல்லும். எனக்கு யோசிச்சு யோசிச்சு விசர் பிடிக்குது" என்றார்.

நான் கடதாசியைச் சொன்னேன்.

ஏன் என்று இப்போது என்னையே கேட்கிறேன். வைத்தியர் சொன்ன மூன்று மாதம் எங்களிடம் இல்லை, அது ஒன்று. தண்டால் எடுக்க இவருக்குக் கை ஊன்றவே ஏலாது. ஆனால் உள்ளதைச் சொன்னால், அது எழுதின கடதாசி, அதை என்னால் வாசிக்க முடிந்தது. இவருக்கு வாசிப்பு அவ்வளவு ஓடாது. வீட்டில் ஒரு காரியம் என்னுடைய படிப்பால் நடக்கிறது என்று எனக்கு ஒரு புளுகம், ஒரு பெருமை. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு றாத்தலுக்கு எங்கே போவது? வீட்டில் தராசு இல்லை. ஆனால் கொத்துப்பேணி இருந்தது, அரிசி அளக்கிற பேணி. கூப்பனுக்கு அரிசி எடுக்கும்போது கடைக்காரர் கொத்தால் அளந்து போட்டு, "ஒரு கொத்து, ரெண்டு றாத்தல்" என்று சொல்லுவார். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். கொத்து என்றால் இரண்டு றாத்தல், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அரிசியைக் கட்டித் தூக்கி ஆட்ட மனம் வரவில்லை, ஆட்டுகிற அளவுக்கு வீட்டில் அரிசியும் இல்லை. வாய்க்காலில் போய் ஈர மணல் அள்ளினேன். பேணியில் நிரப்பி, கையால் வழித்து, ஒரு கொத்து மட்டமாக அளந்து, மாச் சாக்குத் துணியில் பை தைத்துக் கட்டினேன். நாலு சுண்டு ஒரு கொத்து. அப்படி என்றால் அரை றாத்தலுக்கு ஒரு சுண்டு. கிழமைக்கு ஒரு சுண்டு மணல் கூட்டுவதாக எண்ணிக்கொண்டேன். கணக்குச் சரியாக வந்ததில் எனக்குச் சந்தோசம்.

இவருக்கு வெட்கம். "பெண்சாதி எண்ண எண்ண நான் மணல் தூக்கிறதோ?" என்று பையைத் தொடாமல் இருந்தார். அதனால் இன்னொரு பை தைத்து, நானும் தூக்கினேன். குசினிக்குப் பின்னால் முதிரை மரத்துக்குக் கீழே இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று, ஒன்று, இரண்டு என்று. அவர் எண்ணுவார், நான் வாய்க்குள் எண்ணுவேன்.

பக்கத்துக் காணி அக்கா வேலிக்கு மேலால் கண்டுவிட்டா.

"என்னடி பிள்ளை, உங்கடை வளவிலை பள்ளிக்கூட ட்ரில் நடக்குதோ? எங்கடையவரையும் அனுப்பட்டே, வயிறு வண்டி வைச்சுப்போச்சு!"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் சிரித்துவிட்டு, "அனுப்புங்கோ அக்கா, கட்டணம் ஒரு சிரட்டை நெய்" என்றார். விழுந்த பிறகு அவர் பகிடி விட்டது அன்றைக்குத்தான். எனக்கு நல்லது நடக்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

இரண்டாம் கிழமை நோகுது என்றார். நான் கடதாசியை எடுத்துவந்து கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் கிழமை மணிக்கட்டு வீங்கியது. "இஞ்சாருங்கோ, சிறிது நோவு இருக்கும் எண்டுதானே போட்டிருக்கு" என்று திரும்பவும் வாசித்தேன்.

"சிறிதோ, பெரிதோ, நோகிறது எனக்கெல்லோ" என்றார். ஆனாலும் தூக்கினார். காணிக்கந்தோர் ஐயாவின் கொப்பி இரண்டு பேருக்கும் கண்ணுக்குள் நின்றது.

நாலாம் கிழமை ஒருநாள் காலமை, ஏழாம் தரம் மடக்கும்போது பை கையில் இருந்து விழுந்தது. அவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்திவிட்டார். அதுக்குப் பிறகு பெருவிரலும் மற்ற விரல்களும் ஒன்றோடு ஒன்று முட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீரூற்றில் இருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் நானா வந்தார். முஸ்லிம் ஆள், வயது போனவர், மாதம் ஒருக்கா வருவார். இவர் உள்ளே படுத்திருந்தார். நானா சைக்கிளை மரத்தில் சாத்தும்போது காலில் மணல் பை தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, இந்தப் பாரம்?"

"ரெண்டு றாத்தல் நானா. இப்ப கூட்டிக் கூட்டி மூண்டரை. இவருக்குக் கைக்குப் பயிற்சி."

நானா இன்னொருதரம் தூக்கிப் பார்த்தார். "மூண்டரையோ? ஆர் நிறுத்தது?"

"கொத்தாலை அளந்தனான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டார். "கொத்து அரிசிக்கெல்லோ ரெண்டு றாத்தல். மணலுக்கும் அரிசிக்கும் ஒரே நிறையோ பிள்ளை? அதுவும் ஈர மணல். இது ஏழு றாத்தலுக்குக் கிட்ட வரும் போலை கிடக்கு. நில்லு, தராசிலை வைச்சுப் பாப்பம்."

தராசை எடுக்கக் கருவாட்டுப் பெட்டிக்குள் கையை விட்டார்.

"வேண்டாம் நானா" என்றேன்.

"ஒரு நிமிச வேலை."

"வேண்டாம். அவர் நித்திரை."

அவர் என்னைப் பார்த்தார். தராசைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். கருவாடு தந்தார், போனார். நான் இரண்டு பைகளையும் அவிழ்த்து மணலை வாய்க்காலில் கொட்டினேன்.

வைத்தியரிடம் போனோம். அவர் கையைப் பிடித்து அமத்திப் பார்த்து, "ஆர் இந்தக் கைக்குப் பாரம் குடுத்தது?" என்று சத்தம் போட்டார்.

இவர் சொன்னார், "நான்தான் வாளி தூக்கினனான். புத்தியில்லாமல்."

வழி முழுக்க எனக்குச் சொல்ல வாய் உன்னியது. இவர் அந்தக் கடதாசிக்காகத்தான் பொய் சொன்னார். நான் எடுத்த வழி பிழை என்று ஊர் சொல்லக்கூடாது என்று. கடதாசியில் பிழை இல்லை, அளந்த பேணியில்தான் பிழை என்று அவருக்குத் தெரியாது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புரட்டாதி பிறந்துவிட்டது. கை திரும்பவும் கட்டுக்குள். வயல் உழுது கிடந்தது, வரம்பு இல்லை. ஒருநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுச் சரிகிற நேரம், நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டிப் பார்த்தேன். வெட்டுப்பட்டது. ஒரு மாதம் நானும் அந்த மணலைத்தானே தூக்கினேன். முறியாத கைக்கு அது பலத்தைக் கொடுத்திருந்தது. அது எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று, இரண்டு என்று வாய் தானாக எண்ணியது.

அதுக்குப் பிறகு மத்தியானத்தில் மத்தியானத்தில் போனோம். அவரும் வந்து வரம்பில் இருப்பார். வாய்க்கால் ரோட்டில் ஆள் வருகிற சத்தம் கேட்டால் நான் மண்வெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் புல்லுப் பிடுங்கக் குனிவேன். அவர் கட்டுப்போட்ட கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, இடக்கையால் மண்வெட்டிப் பிடியைப் பிடித்தபடி இளைப்பாறுகிற மாதிரி நிற்பார்.

ஒருநாள் பக்கத்துக் காணி அக்கா அப்படிக் கண்டா. "தம்பிக்குக் கை சரிவந்திட்டுது போலை! ட்ரில் பலிச்சிட்டுதடி பிள்ளை!"

"ஓம் அக்கா" என்றேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விதைப்புக்கு முன்னம் காணிக்கந்தோர் ஐயா வந்தார். வரம்பில் ஒரு சுற்று நடந்தார். "இந்த முறை நல்ல வேலை செய்திருக்கிறீர். நேர் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிக் கொப்பியில் எழுதினார். இவர் "ஓம் ஐயா" என்றார். போன வருசம் சொன்ன அதே "ஓம் ஐயா"தான். ஐயா போன பிறகு முற்றத்துக் கதிரையில் போய் இருந்தவர் பின்னேரம்தான் எழும்பினார்.

காணி நிலைத்தது. கை நிலைக்கவில்லை. மண்வெட்டியைப் பிறகு பிறகு ஒருமாதிரிப் பிடித்தார், ஆனால் விரல்கள் கடைசிவரை கூடவில்லை. சோறு குழைக்க வராது. இடக்கையால் சாப்பிட மனம் ஒப்பவில்லை. கரண்டியால்தான் சாப்பிட்டார். கலியாண வீடுகளில் பந்தியில் இருக்கமாட்டார். "எனக்கு இப்ப பசியில்லை" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வெளியில் நிற்பார். நான் பெண்களின் பந்தியில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தது, அவர் போய்ச் சேரும்வரை நாளையாகவே இருந்துவிட்டது.

இதை வாசிக்கிற ஆரிடமும் ஒரு வேண்டுகோள். நானா கையால் தூக்கிப் பார்த்துத்தான் ஏழு என்றவர். எத்தனை வருசம் நிறுத்த கை என்றாலும் பிழை வரலாம்தானே. தராசில் வைக்க நான் விடவில்லை. என்னிடம் இப்போது அந்தப் பேணியும் இல்லை, கடைகளில் றாத்தலும் இல்லை. பழைய கொத்துப்பேணி வைத்திருக்கிற ஆராவது ஒரு கொத்தும் மூன்று சுண்டும் மணல் அளந்து நிறுத்துப் பாருங்கோ. அவ்வளவு பாரத்துக்கு ஒட்டின எலும்பு விட்டுக்கொடுக்குமோ, இல்லாவிட்டால் முதல் கட்டிலேயே பிழை இருந்திருக்குமோ என்று தெரிந்த டொக்டர் ஒருவரையும் கேட்டுச் சொல்லுங்கோ. ஆனியோ ஆடியோ என்று நான் எழுதினதிலும் பிழை இருந்தால் திருத்துங்கோ.

மணல் ஈரமாக இருக்க வேணும். பேணியைத் தட்டாமல், கையால் வழித்து அளக்க வேணும். நான் அப்படித்தான் அளந்தேன்.