ஆணி ஓட்டை டப்பா

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நேற்று நடந்ததே பாதி மறந்துபோகிறது. இதுவோ நான் பாவாடை கட்டிய காலத்துக் கதை.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என் அக்காவின் பேத்தி. அவள் செல்போனில் ஒரு கூடைப்பந்து விளையாட்டு இருக்கிறது. பந்தைப் போடுவது இவள் இல்லை. யார் எத்தனை நிமிஷம் ஆடுவது, யார் உட்காருவது என்று முடிவு செய்வதுதான் இவள் வேலை. ஒவ்வொரு ஆட்டக்காரன் பேருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு முகம். நிறைய ஆடினால் சிரிக்கும், உட்கார வைத்தால் தொங்கிப்போகும். ஏழாம் நம்பர்க்காரன் நன்றாகத்தான் ஆடுகிறான். ஆனால் அவனையே திரும்பத் திரும்ப வெளியே இழுக்கிறாள். அந்தத் தொங்கின முகத்தைப் பார்த்ததும் எனக்குள் பழைய சந்தேகம் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது எங்கள் தெரு திருவண்ணாமலையில் கோயிலின் பேய்க்கோபுரத்துக்குப் பின்னால் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், மலையைப் பார்த்தபடி ஒரு கம்பம், அதன் உச்சியில் இரும்பு வளையம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் பந்து போடுவோம். ஒரே சமயத்தில் நாலு பேருக்குத்தான் இடம். யார் உள்ளே, யார் வெளியே என்பதெல்லாம் என் அக்கா வைத்த சட்டம். கடிகாரம் ஏது? பால் பவுடர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, வேப்பங்கிளையில் தொங்கவிடுவாள். தண்ணீர் ஒழுகித் தீர்ந்தால், யார் பேருக்கு ஊற்றினாளோ அவள் வெளியே வரவேண்டும்.

என் முறையில் மட்டும் டப்பா சீக்கிரம் காலியாகும். தையல்காரர் மகளுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். என் அக்காவுக்கு அவள் உயிர்த்தோழி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், இன்றைக்கு உன்னை மாதிரி யாரும் பந்து போடவில்லை என்று அக்கா முதுகில் தட்டிக்கொடுப்பாள். அந்தத் தட்டலையும் நான் நம்பவில்லை.

ஒருநாள் அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து மரத்தடிக்குப் போனேன். டப்பா ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் ஊசி ஓட்டை. எனக்கு மாட்டுவதில் ஆணி ஓட்டை.

யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறக்கத் தெரியாத பெண் நான். அடுத்த சனிக்கிழமை பாவாடை முடிச்சில் நாலு சோற்றுப் பருக்கையைக் கொண்டுபோய், நசுக்கி, அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். அன்று என் தண்ணீர் தீரவேயில்லை. அக்கா டப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். போதும், வா என்றாள்.

"தண்ணி இருக்குல்ல?" என்றேன்.

எல்லோர் முன்னாலும் அவள் வைத்த சட்டம். அதை அவளே மீற முடியுமா? நான் ஓடினேன், எம்பினேன், பந்து போட்டேன். திடீரென்று நெஞ்சு அடைத்தது. இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை. வளையத்தடியிலேயே விழுந்துவிட்டேன். அக்காதான் முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா துடைப்பத்தை எடுத்தாள். "இவ ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? எவடி இவள ஆட விட்டது?"

அக்கா அடி வாங்கிக்கொண்டு நின்றாள். பாயில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேச்சு என் காதில் ஏறவில்லை; டப்பாவில் செய்த திருட்டுத்தனத்துக்குச் சாமி கொடுத்த அடி என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்கும்போதும், அக்கா அடிபடுவதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதற்கப்புறம் என்னை மைதானத்துக்கே விடவில்லை. அதையும் அவள் செய்த வேலை என்றே நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பேத்தியிடம், ஏழாம் நம்பர்மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்டேன்.

"கோபம்லாம் இல்ல சின்ன ஆயா. அவனுக்கு முட்டில அடி. ஜாஸ்தி ஆடுனா அப்புறம் ஆடவே முடியாது. சுத்தமா உக்கார வெச்சாலும் மனசு வுட்டுருவான். அதான் கொஞ்சம் கொஞ்சமா எறக்குறேன்."

"அத அவங்கிட்டயே சொல்லிடக் கூடாதா?"

"அதுக்கு பட்டன் இல்ல ஆயா."

அக்கா இப்போது கீழ்பென்னாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பார்வை சரியில்லை. டப்பா இரண்டுதானா, ஆணி ஓட்டையை எனக்கென்றே போட்டாளா, நான் பருக்கை அடைத்தது அவளுக்கு அன்றைக்கே தெரியுமா என்று, யாராவது இதைப் படித்துக்காட்டி, அவளைக் கேட்டுத் திருத்துங்கள். நானே போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது.