நீல நூல் கட்டிய தூக்குவாளி

பால்காரரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் போதும், தையலக்காவின் மெஷின் அப்படியே நின்றுவிடும். கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள், ஆரம்பித்துவிடுவாள். "அந்த மனுஷன் இல்லன்னா நம்ம தெருவுல ஒரு வீட்டுலயாவது கறந்த பால் காய்ச்ச முடியுமா, சொல்லு?" பால்காரரின் பெண்டாட்டிகூட அவருக்கு இப்படி வக்காலத்து வாங்க மாட்டாள் என்று தெருவில் கிண்டல் பேசினார்கள். பேசட்டுமே. ஊர் வாய்க்கு வேலை வேண்டாமா?

அவள் கவலை அவளுக்கு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி எங்கே என்று வீட்டில் எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த பெண் குழந்தை. இப்போதுதான் மழலை போய்ப் பேச்சு வந்திருந்தது. பாக்கெட் பால் கொடுத்தால் அதற்கு வயிறு உப்பிக்கொள்ளும், நாளெல்லாம் அழும். சோறு ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கறந்த பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் மட்டும் குடிக்கும். அந்த உடம்பில் ஏதாவது ஒட்ட வேண்டுமென்றால் அது அந்தப் பாலிலிருந்துதான் ஒட்ட வேண்டும்.

பால் கிடைப்பதும் லேசான காரியமில்லை. தெருக் கோடியில், லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் நிற்கிற நாலைந்து மாடுகள்தான் கதி. புண்ணாக்கு விலை ஏறினால் பால் விலை ஏறும். புண்ணாக்கு விலை இறங்கினால் பால் விலை இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. போதாக்குறைக்கு, குழந்தை தாய்ப்பால் மறந்த சமயம் பார்த்து மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி திறந்தார்கள். வீடுகள் கொடுப்பதைவிடக் கூட விலை தருகிறேன், கேனோடு எடுத்துக்கொள்கிறேன் என்றார் பேக்கரி முதலாளி. பால்காரர் மறுநாளே பாதி வீடுகளுக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார். மிச்ச வீடுகளுக்கு விலையை ஏற்றினார்.

தெருவே கொதித்தது. இனி அந்த ஆளிடம் ஒரு சொட்டுப் பால் வாங்கக் கூடாது என்று பேச்சு வந்தபோது குறுக்கே விழுந்து தடுத்தவள் தையலக்கா. "நாம வாங்கலன்னா அவருக்கென்ன நஷ்டம்? அதையும் பேக்கரிக்கே ஊத்திட்டுப் போவாரு. நம்ம பிள்ளைங்கதான் வெறும் வயித்தோட நிக்கும்" என்றாள். அதோடு விட்டாளா? பால்காரரின் மகளுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றாள். அவரும் நன்றியுள்ள மனிதர் மாதிரிதான் நடந்துகொண்டார். "யாருக்கு இல்லன்னாலும் உங்க பாப்பாவுக்குப் பால் உண்டுக்கா" என்று அவர் சொன்னபோது அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மிச்ச வீடுகளுக்கு ஓர் ஏற்பாடு செய்ததும் அவள்தான். சாயங்காலம் எல்லா வீட்டுத் தூக்குவாளிகளையும் யாராவது ஒரு வீட்டார் வாங்கிக் கழுவிக் கொட்டகையில் மாட்டிவிட வேண்டும். வாராவாரம் வீடு மாறும். விடிந்ததும் பால்காரர் கறந்து, அளந்து ஊற்றி, கொட்டகையின் குட்டைச் சுவர்மேல் வரிசையாக வைப்பார். அவரவர் போய் எடுத்துக்கொள்ளலாம். வாளிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, பார்க்க ஒரே மாதிரி. எது எந்த வீட்டு வாளி என்று பால்காரருக்குத் தெரிவதற்காகத் தையலக்கா ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு கலர் நூல் கட்டினாள். தன் வாளிக்கு நீலம். பக்கத்து வீட்டு மீட்டர் சாருக்குச் சிவப்பு. வீட்டுக்காரர்களுக்கு நூல் தேவைப்படவில்லை. நெளிவையும் தழும்பையும் வைத்தே தன் வாளி எது என்று அவரவர் கைக்குத் தெரியும்.

மீட்டர் சார் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர். எதையும் அளந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பாலில் மிதக்கவிட்டால் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிக் குழல் ஒன்று வாங்கி வைத்திருந்தார். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், பாலில் குழலை விட மறக்க மாட்டார். மற்ற வீட்டார் அவ்வப்போது அதை இரவல் வாங்கிப் போவார்கள். தையலக்காவிடம் அவரே வலிய நீட்டியபோது அவள் வாங்கவில்லை. "நம்புற மனுஷன சோதிக்கிறது அசிங்கம் சார்" என்றாள்.

இவ்வளவு இருந்தும் குழந்தை தேறவில்லை. கை கால் குச்சியாகவே இருந்தன. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்சு முகத்தைச் சுளித்தாள். "பால்ல தண்ணி கலந்து குடுக்கிறீங்களாம்மா? விலை ஜாஸ்தின்னு நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. குழந்தை வயித்துல போய் மிச்சம் பிடிக்கலாமா?" என்றாள். தையலக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் பட்டினி கிடந்தாலும் கிடப்பேனே தவிர என் பிள்ளை பாலில் கை வைப்பேனா என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். அந்த ஆத்திரம் ஆறவே இல்லை. தைத்த சட்டைக்கெல்லாம் கை மாற்றி வைத்துப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அந்த வாரம் வாளி கழுவும் முறை அவளுடையது. பழைய நூல்கள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. சிவப்பா நீலமா என்றே தெரியவில்லை. அழுக்கைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எல்லா நூலையும் வெட்டி எறிந்துவிட்டு, வாளிகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புது நூல் கட்டினாள். அதற்குள் குழந்தை சிணுங்கியது. ஒரு காதைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு கட்டியதில், மீட்டர் சார் வாளிக்கு நீலமும் தன் வாளிக்குச் சிவப்பும் போய்விட்டன. அவளுக்கு அது தெரியாது.

மறுநாள் காலை சுவர்மேலிருந்து தன் வாளியை எடுத்தாள். அடியில் ஈயம் பற்றவைத்த தழும்பு விரலில் பட்டது, அவ்வளவுதான், நூலை யார் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் ஏற்றினாள். பொங்கி அடங்கியபோது மேலே ஆடை மொத்தமாகப் படிந்தது. அவள் வீட்டுப் பாலில் இப்படி ஆடை கட்டி வெகுகாலமாகியிருந்தது. மகராசன், மாட்டுக்கு இன்று நல்ல தீனி போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் வாழ்த்தினாள். பாவி, வாழ்த்தினாள்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. மீட்டர் சார் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் கண்ணாடிக் குழலுமாகப் பால்காரரைத் தெருவில் மறித்து நின்றுகொண்டிருந்தார்.

"இது பாலாய்யா? குழல் அடிவரைக்கும் முங்குது. பாதிக்குப் பாதி தண்ணி."

தையலக்கா கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். "சார், காலங்காத்தால எதுக்கு இந்தப் பேச்சு? எத்தனை வருஷமா ஊத்துறாரு. அவரு அப்படிப்பட்டவரு இல்ல சார். உங்க குழல்தான் கெட்டிருக்கும்."

பால்காரர் அவளைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"சார், உங்க பால்ல நான் என்னைக்காவது தண்ணி ஊத்தியிருக்கேனா? நீங்க வாளிய மாத்தி எடுத்துட்டீங்க. நூலைப் பாருங்க, நீலம். இது அக்காவோடது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

தையலக்கா வாளியை வாங்கிப் பார்த்தாள். நீல நூல். முந்தின நாள் தன் கையால் போட்ட முடிச்சு. அடியைத் தடவினாள், ஈயத் தழும்பு இல்லை. மீட்டர் சாரும் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கணக்குப் புரிந்தது. கண்ணாடிக் குழலைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரல் தணிந்தது.

"அப்ப என் பால் உங்க வீட்லதான் இருக்காம்மா?"

அந்த இடத்தில் எத்தனையோ பேசலாம். அந்த மனிதர் பேசியது அது ஒன்றுதான். "காய்ச்சிட்டேன் சார்" என்றாள். அவர் இது என்னடா வம்பு என்பதுபோல் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த தலையும் உள்ளே போனது. அவர்கள் பால் நல்ல பால். அவர்களுக்கென்ன?

தையலக்கா அழவில்லை. கேட்டாள். "எவ்வளவு நாளா?"

"பேக்கரி வந்ததுலேருந்துக்கா. அளவு குறைஞ்சா அந்த முதலாளி வேற இடம் பாத்துடுவாரு. எங்கயாவது சரிக்கட்டணும்ல."

"அது சரி. எத்தனை வீடு இருக்கு. என் வீட்டப் பாத்து ஏன்?"

பால்காரர் தலையைச் சொறிந்தார். பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். ஏனோ அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னார். "மத்தவங்க எல்லாம் குழல விட்டுப் பாக்குறாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் என்ன நம்புறீங்க."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். அவள் தெருவில் நின்றுகொண்டு அதை அனுபவித்தாள். இந்தக் கையால்தானே இவன் மகளுக்குச் சட்டை தைத்தேன் என்று தோன்றியது. காறித் துப்பிவிட்டு, உன் பாலும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று திரும்பிவிடலாம். திரும்பி எங்கே போவது? அடுத்த கொட்டகை ஊருக்கு மறுகோடியில். அங்கே வீடுகளுக்கு ஊற்றுவதே இல்லை, எல்லாம் கடைகளுக்கு. அது அவளுக்கும் தெரியும், பால்காரருக்கும் தெரியும். தெரிந்துதானே செய்தான்.

"நாளைலேருந்து கறக்கும்போது நான் வந்து நிப்பேன்" என்றாள். "மாட்டு மடியிலேருந்து நேரா என் வாளிக்கு."

"சரிக்கா" என்றார் அவர். அக்கா என்ற அந்த வார்த்தையைக் கேட்கப் பிடிக்காமல் அவள் திரும்பி நடந்தாள்.

உள்ளே வந்தபோது குழந்தை எழுந்து தொட்டிலில் உட்கார்ந்திருந்தது. அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்த பாலை ஆற்றினாள், ஆடையை ஒதுக்கினாள், தம்ளரில் ஊற்றி வாயில் வைத்தாள். பிறந்து வளர்ந்து இன்றைக்காவது ஒரு வாய் நல்ல பால் குடிக்கட்டும் என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

குழந்தை ஒரு வாய் உறிஞ்சியது. முகத்தைக் கோணியது. உறிஞ்சியதை அவள் புடவையிலேயே துப்பியது. மறுபடி கொடுத்தாள், மறுபடி துப்பியது. தம்ளரைத் தள்ளிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"இது பால் இல்லம்மா" என்றது. "எனக்குப் பால் வேணும்."

கொஞ்சினாள், கெஞ்சினாள், மிரட்டினாள். குழந்தை பசியில் வீறிட்டு அழ ஆரம்பித்தது. கடைசியில் தையலக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து போய், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தன் கையாலேயே அந்தப் பாலில் ஊற்றினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தது.