ஆள் வருது

ஸ்கூட்டர் இருந்தவரை அவள் கையில் காசு நின்றதே இல்லை. துணிக்கடையில் நாளெல்லாம் பேண்ட் மடித்து, ஜிப் மாற்றித் தைக்கிற வேலை. மாலையில் வண்டி கிளம்பினால் கண்ணில் பட்ட கடையிலெல்லாம் நிற்கும். வீட்டில் மூன்று குடை இருக்க நாலாவது குடை வாங்கி வந்த மகராசி அவள்!

வண்டி காயலான் கடைக்குப் போனது. பஸ் வந்தது. கூடவே மருந்துக்கடை அக்காவும் வந்தாள். ரெண்டு நிறுத்தம் முன்னாடியே ஏறுகிறவள், தினமும் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு வைப்பாள். யாராவது உட்காரப் போனால் "ஆள் வருது" என்று ஒரு அதட்டல்.

"ஒரு கையில புடிக்க முடியாததை வாங்காதடி. இன்னொரு கை கம்பிக்கு வேணும்" என்பாள் அக்கா. சிரிப்புக்குச் சொன்னதுதான், ஆனால் அதுவே சட்டமாகிவிட்டது. பஸ்ஸோ கடை கடையாக நிற்காது. டீ நின்றது, நொறுக்குத்தீனி நின்றது, குடை மூன்றோடு நின்றது. பதினாலு மாதத்தில் கையில் ஒரு தொகை சேர்ந்தது.

எதற்கு என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நிறுத்தத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த சின்ன அறை. அங்கே சொந்தமாகத் தையல் மிஷின் போட வேண்டும். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஓனர் எந்தத் தெரு, எல்லாவற்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவிடம் ஒப்பித்திருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா!

சனிக்கிழமை பணத்தோடு ஓனர் வீட்டுக்குப் போனாள். அவர் விழித்தார்.

"போன வாரமே ஒரு அம்மா அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே. மருமகன் செல்போன் கடை போடறாராம். நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னாங்க. உங்க பேரைச் சொன்னதாலதான் ஒரு மாச அட்வான்ஸைக் குறைச்சேன்."

அக்காதான், வேறு யார்! அறை போனது கூடப் பரவாயில்லை. இவள் பேரைச் சொல்லியா! அந்த வாரம் முழுக்க அதே சீட்டில், தோளோடு தோள் இடித்து, "இன்னும் எவ்வளவுடி சேரணும்?" என்று விசாரித்தாளே, பாவி!

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினாள். கைக்குட்டை அதே இடத்தில் இருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி அங்கே உட்காரப் போனாள்.

"ஆள் வருது" என்றாள் அக்கா. பிறகு இவளைப் பார்த்துவிட்டு, "வாடி, உக்காரு. முகம் ஏன் இப்படி இருக்கு? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். மருமகன் வேலையில்லாம இருக்கான். நீ சேத்து முடிக்கறதுக்குள்ள வேற யாராவது எடுத்துட்டா..."

அவள் கைக்குட்டையை எடுத்து அக்கா மடியில் போட்டாள்.

"யாரும் வரலைங்க. நீங்க உக்காருங்க" என்றாள் குழந்தைக்காரியிடம்.

பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போனாள்.