ஞாயிற்றுக்கிழமை முறைத் தண்ணீர்

டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்ததே, அதற்கு மறு வருஷம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைமடையில் எங்கள் வயல். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டதால் தை பிறந்தபோதே தாமிரபரணியில் மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மாசியில் அறுக்கிற பிசான நெல் பால் பிடிக்கிற சமயம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிரெல்லாம் மணியில்லாத கருக்காய்தான். எங்களுக்கு வருஷச் சாப்பாடே அந்த ஒரு வயல்தான்.

தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கம் முறை வைப்பார்கள். வாரத்தில் இன்ன கிழமை, இன்ன நேரம் இன்னார் வயலுக்கு என்று கணக்கு. அந்த நேரத்தில் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். எங்களுக்கு எப்போதும் செவ்வாய்க்கிழமை. அந்த வருஷம் சில வயல்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கிழமையை மாற்றினார்கள். எங்களுக்கு விழுந்தது ஞாயிறு காலை, சரியாக ஆராதனை நேரம்! ஒருவருக்கொருவர் முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வேறு.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதோடு முடிந்தது. சீட்டு விழுந்த செய்தியைச் சொல்லிவிட்டு, "ஆண்டவர் நாள்ல நான் மம்பட்டியத் தொடமாட்டேன்ளா. கூலிக்கு ஆளும் விடமாட்டேன். அதுவும் நம்ம வேலதான" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தவள். வேதக்கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் பெண்கள் பக்கத்தில் என் குரல்தான் மேலே கேட்கும். பக்தி எனக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் பயிர் கண் முன்னே காய்கிறதே! "புள்ளைகளுக்கு என்னத்தப் பொங்கிப் போட? உங்க பிடிவாதத்தையா?" என்று கேட்டேன். மூன்று நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறும் வந்தது. கடைசியாகத் தண்ணீர் பாய்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வயல் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கோயிலில் முதல் மணி அடித்ததும் அவர் வெள்ளை வேட்டி கட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். பச்சைப் பொய், அதுவும் ஓய்வுநாளில். அவர் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மம்பட்டியோடு வயலுக்கு ஓடினேன். ஆண்டவர் என்னைத் தண்டித்தாலும் சரி, பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான் அப்போது என் புத்தியில் இருந்தது.

தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் மடைக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்கு அந்தப்புறத்து வயல்காரர், ஒரு முஸ்லிம் பெரியவர். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. நாங்கள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து எங்கள் முறையைத் தம் வயலுக்குத் திருப்புகிறாரே!

அதுவரை அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷரை, "என்னவே, இது அடுக்குமா உமக்கு? தண்ணிய திருடியா உம்ம வீட்டுல சோறு பொங்கணும்?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுதக் கை கூசுகிறது. அக்கம்பக்கத்து வயல்களில் வேலையாக இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தார். "பைய, தங்கச்சி, பைய. மடை யாரு வயலுக்குத் தெறந்திருக்குன்னு பாத்துட்டு அப்புறமா ஏசு."

பார்த்தேன். தண்ணீர் எங்கள் வயலுக்குத்தான் பாய்ந்துகொண்டிருந்தது. பாதி வயல் ஏற்கெனவே நனைந்துவிட்டது. மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலை அணைத்தது, தண்ணீர் ஒரு சொட்டும் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக.

"அவரு உங்கள வரச் சொன்னாரா, அண்ணாச்சி?" என்று எப்படியோ கேட்டேன்.

"அவரா? வாயத் தெறந்து கேக்குத ஆளா அவரு? நாலு வருஷமா வெள்ளிக்கிழம உச்சிக்கு நான் தொழப் போற நேரம் என் மொறத் தண்ணியப் பாச்சுதது யாரு? உன் வீட்டுக்காரருதான். உங்கிட்டச் சொல்லலியா?"

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருவதும், சோறு ஆறிப்போகிறதே என்று நான் கத்துவதும், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போவதும் எங்கள் வீட்டு வழக்கம். அங்கேயே சேற்றில் நின்று அந்தப் பெரியவரைக் கும்பிட்டு, "என்ன மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன். ஏசினது சத்தமாகத்தானே!

"சரி சரி, நீ கோயிலுக்குப் போம்மா. நேரமாவுது" என்று மறுபடி மண்ணை வெட்ட ஆரம்பித்தார்.

காலைக் கழுவக்கூடத் தோன்றாமல் கோயிலுக்கு ஓடிப்போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்தில் அவர் நின்று பாடிக்கொண்டிருந்தார். ராகம் அவருக்கு ஒருநாளும் வராது. அங்கே வயலில் தண்ணீர் பாய்வது அவருக்குத் தெரியாது. பயிர் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வந்து நிற்கிறார். தாம் செய்த உதவியைச் சொல்லி அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. அப்படி நின்றும் குரல் நடுங்காமல் பாடுகிறார். எனக்குப் பாட வரவில்லை, அழுகைதான் வந்தது. இந்த மனுஷர் என் புருஷன் என்று அத்தனை பெருமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் காலில் இருந்த சேற்றைப் பார்த்து, "ஏளா, தலவலி போயிட்டா?" என்று கேட்டார். அவர் கேலி பேசி நான் கேட்டது அபூர்வம்.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சிக்கு அவரை வீட்டில் இருத்திவிட்டு நானே போய் அந்தப் பெரியவர் வயலுக்கு மடையைத் திறந்தேன். தொழுகை முடிந்து வந்தவர், "என்ன தங்கச்சி, இன்னைக்கு யாரும் ஏச வரலியா?" என்று சிரித்தார். அந்த வருஷம் அறுப்பு வரை ஞாயிறு அவர் கையில், வெள்ளி என் கையில். இரண்டு வயலிலும் கதிர் முற்றி நன்றாகத் தலை சாய்ந்தது.

ஆறு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஜெபம் செய்வதைத் தினமும் கேட்டிருக்கிறேன். அது எப்படிப்பட்ட ஜெபம் என்பதை, வேறு மார்க்கத்து மனிதர் ஒருவர் எங்கள் வயலில் மம்பட்டியோடு நின்ற அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் அப்படி ஜெபம் செய்கிறவரின் பெண்சாதி என்று இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.