துள்ளுமாவில் படக்கூடாத கை

நான் பிசைஞ்சு வைக்கிற சோத்தைத் தெனமும் திங்கிறவுக, சாமிக்குப் படைக்கிற மாவுல மட்டும் என் கை படக்கூடாதுன்னா எனக்குக் கோவம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க.

சொன்னது எங்க அத்தை, என் வீட்டுக்காரரைப் பெத்தவுக. நான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில மருந்து அடைக்கிற வேலை பாக்கேன். அந்த மருந்துல அலுமினியப் பவுடர் கலந்திருக்கும். எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் ரேகையிலயும் நகக்கண்ணுலயும் வெள்ளி பூசினாப்புல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்.

பங்குனியில குலசாமி கும்பிடும்போது துள்ளுமாவு படைக்கிறது எங்க வீட்டு முறை. பச்சரிசியை ஊறவச்சு, ஈரம் காயுமுன்னே உரல்ல இடிச்சுச் சலிச்சு, நுணுக்கின கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேத்துப் பிசையணும். அடுப்பே கெடையாது, எல்லாம் கைதான். இதை மாமியார்தான் மூத்த மருமகளுக்குக் குடுக்கணும். குடுக்கிறதுன்னா வாயால சொல்றது இல்ல. சாமி முன்னால அவளை உக்கார வச்சு, மொதப் பிடி மாவை அவ கையில வச்சு மூடுவாக. அதுக்கப்புறம் மாவு அவ பொறுப்பு. எங்க அத்தைக்கும் அப்பிடித்தான் வந்துச்சு.

மூத்த மருமக நான். கல்யாணமாகி வந்ததுலருந்து அரிசி ஊறப்போடுறது நான், இடிக்கிறது நான், சலிக்கிறது நான். பிசையிறது மட்டும் அத்தை. இந்த வருசம் மணிக்கட்டு வலி தாங்காம, இனி தன்னால ஆகாதுன்னுட்டாக. சரி, நம்ம காலம் வந்துருச்சுன்னு கம்பெனிக்கு லீவு போட்டுட்டுப் புளி, எலுமிச்சம்பழம், சீயக்காய், சாம்பல்னு கையில கெடச்சதையெல்லாம் வச்சுத் தேச்சேன். தோலு உரிஞ்சு எரிஞ்சதுதான் மிச்சம், நகக்கண்ணு வெள்ளி போகல.

மல்லாங்கிணறு தாண்டி இருக்கிற கோயிலுக்கு வேன் போட்டுப் போனோம். சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் வந்திருந்தாக. மாவை எடுத்து வச்சிட்டு உக்காரப் போனேன். அத்தை என் கையைப் பாத்தாக.

"ஏத்தா, நீ எந்திரி. மருந்துக் கை சாமி மாவுல படப்பிடாது. சின்னவ பிசையட்டும்."

சின்னவன்னா என் கொழுந்தன் பொண்டாட்டி. திருப்பூர்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வேலை பாக்கிறவ, நல்ல பிள்ளை. "அத்தை, எனக்கு இது தெரியாதே, அக்காதான..."ன்னு இழுத்தா. அத்தை கேக்கவே இல்ல. மொதப் பிடியை அள்ளி அவ கையில வச்சு மூடிட்டாக.

ஆத்தாடி, எனக்கு வந்த ஆத்திரம்! எதுத்தாப்புல நிக்கிற சாமிக்கு மொகத்துல வெள்ளிக் கவசம். அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக் கும்பிடுவீக, என் நகத்துல வெள்ளி இருந்தா மட்டும் தீட்டா? இதே அத்தை தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடைச்சவுகதான். அந்தக் குச்சியில இருந்தது மருந்து இல்லாம மஞ்சப்பொடியா? அந்தக் கையோடதான இந்தச் சாமிக்குப் பிசைஞ்சாக. மாமியா உடைச்சா மண்கொடம், மருமக உடைச்சா பொன்கொடம்னு சும்மாவா சொன்னாக. நான் வாக்கப்பட்டு வந்த பெறகு நாந்தான் வேலைக்குப் போறேனேன்னு அவுக ஆபீசுக்குப் போறதை நிறுத்திட்டாக. இதையெல்லாம் கேக்க வாயி வரைக்கும் வந்துச்சு. சபையில வேணாம்னு முழுங்கிட்டு ஓரமா நின்னேன்.

சின்னவ பிசைஞ்சா. மாவு சேரலைன்னு பதறித் தண்ணியைத் தெளிச்சுட்டா. ஈர மாவுல கருப்பட்டி தானா எளகும், பொறுமையாப் பிசைஞ்சாப் போதும், தண்ணி ஆகவே ஆகாது. கொஞ்ச நேரத்துல மாவு கொழகொழன்னு களி மாதிரி ஆயிருச்சு. அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பூசாரி மணியை எடுத்துட்டாரு.

அத்தை என்னை வேனுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி மெதுவாச் சொன்னாக. "கொஞ்சம் மாவு தனியா எடுத்து வச்சிருப்பேல்ல? இங்கன வச்சுச் சரி பண்ணிக் குடு ஆத்தா. நான் முந்தானையை விரிச்சு மறைச்சுக்கிடுதேன்."

மறைச்சுக்கிடுவாகளாம்!

"என்னத்தை மறைக்கப் போறீக அத்தை? பிசைஞ்சா சாமி முன்னாலதான் பிசைவேன். இல்லைன்னா இந்தக் களியையே படைச்சுக்கோங்க."

நான் நேராப் போயி எல்லாரும் பாக்க உக்காந்தேன். சின்னவ நகந்து எடம் விட்டா. தனியா எடுத்து வச்சிருந்த மாவைக் கொட்டி அவ பிசைஞ்சதையும் சேத்து, பிடிச்சா நிக்கிற, தொட்டா உதிர்ற பக்குவத்துக்குக் கொண்டு வந்தேன். என் கையில யாரும் மொதப் பிடி வைக்கல. நானே அள்ளிக்கிட்டேன்.

பூசை முடிஞ்சு மாவு குடுக்க நின்னேன். சொந்தக்காரப் பொம்பளைக வரிசையா வந்து கையை நீட்டுனாக. பாத்தா, பாதிக்குப் பாதி என் கை மாதிரியே. ரேகையெல்லாம் வெள்ளி, நகமெல்லாம் வெள்ளி. ஒருத்தி மாவை வாயில போட்டுக்கிட்டே, "நல்லா இருக்கு மதினி, இன்னொரு பிடி குடுங்க"ன்னு திரும்பக் கையை நீட்டுனா.

கடைசியா அத்தை வந்தாக. என்னைப் பாக்காமத் தரையைப் பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் சேத்து நீட்டுனாக. ஒரு பொட்டு மருந்து இல்லாம பளிச்சுன்னு இருந்துச்சு அந்தக் கையி. இருக்காதா பின்ன? அவுக பாக்க வேண்டிய வேலையையும் சேத்து நாந்தான பாக்கேன்.