நான் காவடி எடுத்த நேரத்தில் கருகிய தேயிலை

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கணினி வைத்த அன்று, தேயிலை காயும் டிரையருக்கு முன்னால் நான்தான் வேலையில் இருந்தேன். சூடு, நேரம், வேலையாள் எண் எல்லாவற்றையும் அது தானே பதியும் என்றார்கள். என் எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன்.

இந்த வருசத் திருவிழாவன்று மத்தியானத்தோடு வேலை முடித்து, முருகனுக்குக் காவடி எடுத்தேன். நாலு மணிக்கு டிரையரில் தேயிலை கருகியது. பதிவில் என் எண் இருந்தது. எனக்குப் பின் வேலைக்கு வந்தவர் அந்தப் பதிவையே காட்டி நழுவிக்கொண்டார்.

"நான் கோயில்ல இருந்தேங்க தொரை. லயத்து வீட்டுச் சனமே பாத்துச்சுங்க."

"அப்ப முருகனையே சாட்சிக்குக் கூட்டிட்டு வா" என்று தோட்ட மேனேஜரான துரை சிரித்தார்.

எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். டிரையருக்குப் பொறுப்பாளாக என்னைப் போடுவதாக இருந்ததும் நின்றது.

அடுத்த மாதம் கணினி பழுது பார்க்க வந்தவர் கண்டுபிடித்தார். "ஒங்க எண்ண பதிவோட தலைப்புல பொதுவா ஒரு தடவ எழுதி வச்சிருக்காங்க அண்ணே. கீழ விழுற ஒவ்வொரு வரியும் அதையே எடுத்துக்குது. ஃபேக்டரி பேரு மாதிரி மாறாதத அங்க போடலாம். ஆளு மாறுவாங்கள்ல?"

ஒரு நிமிடத்தில் அதைத் திருத்தினார். துரையிடம் ஓடினேன். கடிதத்தின் நகல் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம், இனித் திருப்ப முடியாதாம்.

முருகன் பார்த்தான் என்று தினமும் விளக்கேற்றுகிறேன். மனம் மட்டும் ஆறவில்லை.